ஓடும் காரில் விசில் சத்தம்: பேரிங்கை மாற்றுவதற்கு முன்

கார் ஓடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். "வீல் பேரிங் போயிருக்கும்" என்பார் ஒருவர். "டர்போ போச்சு, பெரிய செலவு" என்று பயமுறுத்துவார் இன்னொருவர். மூன்றாமவர் பானெட்டைத் திறக்காமலே பெல்ட்டை மாற்றச் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் காரில் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் விசிலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லவே முடியாது. கதவு ரப்பர், கூரைக் கம்பி, எஞ்சின் ஹோஸ், பெல்ட், பிரேக் பேட் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கத்தும்.

போதாக்குறைக்கு நம் காதும் இதில் கொஞ்சம் ஏமாளி. ஒரே சுருதியில் நீளும் கூர்மையான சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது காதுக்குக் கடினம். காருக்குள் கண்ணாடியிலும் டேஷ்போர்டிலும் பட்டுத் திரும்பும்போது இன்னும் குழம்பிவிடும். இடது பக்கக் கதவு போடும் சத்தம் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வருவதாகத் தோன்றுவது சகஜம்.

அதனால் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதை ஒத்திப்போடுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது, அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பது. காரின் வேகத்தோடா, எஞ்சினின் சுற்றோடா, பிரேக் மிதியோடா, வெளியே வீசும் காற்றோடா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

விசில் எப்படி உண்டாகிறது

ஆடி மாதம் வீட்டுக் கதவை முழுக்கத் திறந்து வைத்தால் காற்று சும்மா உள்ளே வந்து போகும். முழுக்கச் சாத்தித் தாழ் போட்டாலும் சத்தம் இருக்காது. தாழ் போடாமல் நூலளவு இடுக்கு விட்டுச் சாத்தினால்தான் கதவு ஊளையிட ஆரம்பிக்கும். காரிலும் நடப்பது இதேதான். ஒரு பக்கம் காற்றழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு, நடுவில் குறுகலான ஒரு வழி. அந்த வழியில் பாயும் காற்று விளிம்பில் மோதி, ஒரே சீராகத் துடிக்கத் தொடங்குகிறது. விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறதோ அதுதான் அதிர்வெண். அதிர்வெண் கூடினால் சத்தம் கீச்சென்று கூராகும், குறைந்தால் 'ஊ' என்று தடிக்கும்.

இடுக்கே இல்லாமலும் விசில் வரும். காற்றின் குறுக்கே ஒரு கம்பி நின்றால் போதும். கம்பியைத் தாண்டும் காற்று அதன் பின்னால் இடம், வலம் என்று மாறி மாறிச் சின்னச் சுழல்களை விட்டுக்கொண்டே போகும், ஒவ்வொரு சுழலும் ஒரு துடிப்பு. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878-ல் இதை அளந்து பார்த்தார். காற்றின் வேகம் கூடினாலும் கம்பி மெலிந்தாலும் சுருதி ஏறும் என்பது அவர் கண்ட கணக்கு. 100 கி.மீ. வேகத்தில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆன்டெனா கம்பி விநாடிக்குச் சுமார் 1,800 துடிப்பு தரும், நல்ல கூரான விசில். கூரை கேரியரில் 2 செ.மீ. தடிமனில் இருக்கும் உருளைக் கம்பி அதே வேகத்தில் 280 அளவில் முனகும். சில கார்களின் ஆன்டெனாவில் திருகாணி மரை மாதிரி ஒரு கம்பியைச் சுற்றியிருப்பார்களே, அது அழகுக்கு அல்ல. சுழல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விடுபடாமல் கலைத்துவிடத்தான் அந்தச் சுற்று.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இடுக்கு வழியே பாயும் காற்று ஒரு வகை, கம்பியையோ விளிம்பையோ தாண்டும் காற்று இன்னொரு வகை. உலோகமோ ரப்பரோ உரசிக் கத்துவது மூன்றாவது. பெல்ட்டும் பிரேக்கும் அந்த மூன்றாவது வகை.

எதன் பின்னால் போகிறது?

முதல் சோதனைக்கு ரோடே தேவையில்லை. காரை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்து எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு 2,500 வரை ஏற்றுங்கள். நின்ற காரிலேயே விசில் வந்தால் எஞ்சின் பக்கம் போங்கள், காற்றையும் சக்கரத்தையும் மறந்துவிடலாம்.

வராவிட்டால் ரோட்டுக்குப் போகலாம். காலியான நேர்ச்சாலையில் 60 கி.மீ. வேகத்தை நான்காவது கியரில் கொஞ்ச தூரம் பிடியுங்கள். பிறகு அதே 60-ஐ மூன்றாவது கியரில். காரின் வேகம் மாறவில்லை, எஞ்சின் சுற்று மட்டும் ஏறியிருக்கிறது. விசிலும் கூடவே ஏறினால் எஞ்சின், இம்மியும் மாறாவிட்டால் காற்று அல்லது சக்கரம். சிலர் ஓடும் காரில் எஞ்சினை அணைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்குக்கான உதவி இரண்டு மிதியில் தீர்ந்துவிடும், சாவியைக் கூடுதலாகத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது.

எலக்ட்ரிக் கார்களில் இந்தக் கியர் சோதனை பலிக்காது. அவற்றில் பெரும்பாலும் ஒரே கியர்தான், மோட்டார் சுற்றும் கார் வேகமும் ஒன்றாகவே ஏறும். அதற்குப் பதில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். மோட்டாரின் கீச்சு அந்தக் கணமே குணம் மாறும். காற்றின் விசில் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கும். எஞ்சின் சத்தமே இல்லாததால் இந்தக் கார்களில் சின்னக் காற்று விசில்கூடப் பெரிதாகக் கேட்கும்.

காற்றைச் சக்கரத்திலிருந்து பிரிக்க வானிலையே உதவும். காருக்குத் தெரிவது ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் அல்ல, தன் மேல் மோதும் காற்றின் வேகம். 80-ல் போகும்போது எதிர்க்காற்று 30 வீசினால் கதவு ரப்பருக்கு அது 110. ஜூன் முதல் செப்டம்பர் வரை திருநெல்வேலியிலிருந்து தெற்கே காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காற்றாலைகளைச் சுற்றும் அந்த மேற்குக் காற்று போகும்போது ஓட்டுநர் பக்கக் கதவில் அறையும், திரும்பி வரும்போது இடது பக்கத்தில். போகும்போது விசிலடித்த கார் திரும்பும்போது அதே வேகத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தால், காற்றைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் திசை தெரியாது.

காற்று விசில்: நிறைய பேருக்கு இதுதான்

கதவு இறுகத்தானே மூடியிருக்கிறது, பிறகு எப்படி 90-க்கு மேல் மட்டும் சத்தம் வருகிறது? கார் முன்னேறும்போது முன் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றித் திரும்பும் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். உள்ளே இருக்கும் காற்று சாதாரண அழுத்தத்தில் இருப்பதால் கதவின் மேல் சட்டத்தை வெளியே தள்ளப் பார்க்கும். தகடுதானே, கண்ணுக்குத் தெரியாத அளவு விலகும். விலகும்போது ரப்பரின் பிடி ஓரிடத்தில் தளர்ந்தால் அங்கே நூலளவு இடுக்கு, அதன் வழியே காருக்குள்ளிருந்து வெளியே பாயும் காற்று. 70-ல் தாங்கிய ரப்பர் 100-ல் தோற்பது இப்படித்தான். சத்தமும் வேகத்தைவிடப் பல மடங்கு ஏறும். கம்பியும் விளிம்பும் போடும் காற்றிரைச்சலின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்காகக் கூடுகிறது. 50-லிருந்து 100-க்குப் போனால் 64 மடங்கு. காதுக்கு அது மூன்று நான்கு மடங்காகத்தான் தெரியும், ஆனால் எரிச்சலூட்ட அது போதும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது காரோடு பிறக்காதவற்றை. கடையில் ஒட்டிய டோர் வைசர், கூரை கேரியர், நம்பர் பிளேட் சட்டம், முன் கிரில்லில் சொருகிய அலங்காரம். விசில் என்று ஆரம்பித்தது என்பதையும் இவற்றை மாட்டிய நாளையும் சேர்த்து யோசியுங்கள். கேரியர் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுப் போய் வந்தாலே சில வழக்குகள் தீர்ந்துவிடும். இறக்கை வடிவக் கம்பி என்றால் முன்னும் பின்னும் மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்தது கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங். மூலைகளில் கிழிந்திருக்கும், வெயிலில் இறுகியிருக்கும், அல்லது துவைத்த மேட்டை வைக்கும்போது இழுபட்டு மடங்கியிருக்கும். அப்புறம் பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியின் அடிப்பகுதி, அதை ஒட்டியுள்ள முக்கோண பிளாஸ்டிக், வைப்பருக்குக் கீழே கிளிப் விட்டுத் தூக்கி நிற்கும் பிளாஸ்டிக் தட்டு. முன் கண்ணாடியை அண்மையில் மாற்றியிருந்தால் அதன் விளிம்பையும் பட்டியலில் சேருங்கள்.

பத்து ரூபாய் நோட்டும் மாஸ்கிங் டேப்பும்

நின்ற இடத்திலேயே ஒரு சோதனை. ஒரு நோட்டைக் கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, நோட்டை இழுங்கள். கொஞ்சம் பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக அழுந்தவில்லை. பழைய நோட்டாக இருந்தால் கிழிந்துவிடும், கெட்டியான பேப்பர் துண்டும் போதும். இன்னொரு வழி: எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலைக்கு மாற்றி, புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடும். வெளியே நின்று ஈரக் கையைக் கதவு விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்தினால் கசியும் இடத்தில் சில்லென்று படும்.

இவை சந்தேகத்தைக் குறுக்கும். உறுதி செய்வது டேப்தான். பெயின்டர்கள் ஒட்டுவார்களே, அந்த மாஸ்கிங் டேப், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சந்தேகப்படும் எல்லா இடுக்குகளின் மேலும் ஒட்டிவிடுங்கள்: முன் கண்ணாடியின் இரு ஓரம், பக்கவாட்டுக் கண்ணாடியின் அடி, நீங்கள் ஏறி இறங்காத கதவுகளின் மேல் விளிம்பு. பிறகு வழக்கமாக விசில் வரும் அதே ரோட்டில், அதே வேகத்தில் போங்கள். சத்தம் நின்றுவிட்டதா? சரி, இப்போது ஓரமாகப் பத்திரமான இடத்தில் நிறுத்தி ஒரு துண்டை மட்டும் உரித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தத் துண்டை உரித்ததும் விசில் திரும்புகிறதோ, அதுதான் இடம். பொறுமை வேண்டும், ஆனால் இதைவிட நம்பகமான வழி வீட்டில் கிடையாது. முடிந்ததும் டேப்பை உடனே உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்பது நல்லது, ஓட்டுபவர் கவனத்தை ரோட்டிலிருந்து எடுக்கக் கூடாது.

இடம் தெரிந்துவிட்டால் வைத்தியம் பெரும்பாலும் சின்னது. விலகிய பீடிங்கை அதன் பள்ளத்தில் திரும்ப அழுத்தி உட்கார வைக்கலாம். அழுக்கைத் துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் இறுகிய ரப்பர் கொஞ்சம் இளகும். கிழிந்திருந்தால் மாற்றுவதுதான் வழி. ரப்பர் நன்றாக இருந்தும் கதவு சரியாக அழுந்தாவிட்டால், கதவுத் தூணில் பூட்டு வந்து மாட்டும் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினால் கதவு இறுகும். ஸ்ட்ரைக்கர் என்பார்கள் அதை. ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அதிகம் நகர்த்தினால் கதவை அறைந்து சாத்த வேண்டிவரும், ஆகவே டிங்கரிங் தெரிந்தவரிடம் விடுவது மேல்.

முன் கண்ணாடி விளிம்பில் கசிவு என்றால் மட்டும் வீட்டு வைத்தியம் கூடாது. பாத்ரூமுக்கு வாங்கிய சிலிகான் டியூபைப் பிதுக்கி அடைப்பவர்கள் உண்டு. காயும்போது வினிகர் மாதிரிப் புளிப்பு வாசம் வரும் சிலிகான், அமிலம் கக்கித் தகட்டை அரிக்கும். அது பட்ட இடத்தில் பிறகு கண்ணாடிக்கான முறையான பசையும் ஒழுங்காக ஒட்டாது. அந்தக் கண்ணாடி காரின் பலத்தில் ஒரு பங்கு. பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது அதில்தான் சாய்ந்து நிற்கும். மாற்றிக் கொடுத்தவரிடமே கொண்டுபோய் மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

சுருக்கமாக: காரின் வேகத்தோடும் காற்றின் திசையோடும் மாறும், கியருக்கு மசியாது. அது காற்று விசில். ஆபத்து குறைவு, தேடும் நேரம்தான் அதிகம்.

எஞ்சினோடு ஏறும் விசில்

பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்று வரும் வழி கிட்டத்தட்ட மூடியிருப்பதால் உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இந்தக் குறைந்த அழுத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் வேக்குவம் என்கிறார்கள். குழாயில் ஒரு கீறல், கேஸ்கட்டில் ஒரு பிளவு இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே பாய்ந்து விசிலடிக்கும். இதன் அடையாளம் தலைகீழானது: ஐடிலில் பலமாக இருக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் குறையும். ஐடில் தடுமாறும், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரியலாம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உறிஞ்சும் பிசிவி வால்வு கிழிந்தாலும் இதே சத்தம்தான். ஐடிலில் ஆயில் டிப்ஸ்டிக்கைச் சற்றே தூக்கியதும் விசில் சட்டென்று நின்றால் அந்த வால்வைப் பார்க்கச் சொல்லலாம். டீசல் எஞ்சினில் இப்படி வேக்குவம் சேராது, அதன் கதை வேறு.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் காலடியில் 'உஸ்' என்று கேட்டு, மிதியும் கல் மாதிரி இறுகினால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் கசிவு. அதோடு நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சின்ன விசிறி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது, அதனால் லேசான விசில் அதன் இயல்பு. டீசல் கார் வாங்கிய புதிதில் இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் ஏராளம். முன்பு இல்லாத விசில் திடீரென்று வந்து, மிதித்தாலும் கார் இழுக்காமல் கரும்புகை விட்டால் காற்றைக் கொண்டுபோகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். டர்போவையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஹோஸ்களைச் சோப்புத் தண்ணீரும் காற்றழுத்தமும் வைத்துச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். ஹோஸின் விலை டர்போவின் விலையில் ஒரு சிறு பகுதி. ஆனால் சைரன் மாதிரி ஊளையும் நீலப் புகையும் சேர்ந்து வந்தால் ஓட்டாதீர்கள், டர்போவின் உடைந்த துண்டோ கசியும் ஆயிலோ எஞ்சினுக்குள் போனால் செலவு பல மடங்காகிவிடும்.

பெல்ட் உரசிக் கத்துவது காலையில் ஸ்டார்ட் செய்ததும், மழையில், ஏசி போட்டதும் அதிகம். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது பழைய வழி. சத்தம் சில விநாடி நின்று திரும்பினால் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. தெளித்ததும் கூடினால் பெல்ட் தளர்வு. தூரத்திலிருந்து தெளியுங்கள், வேட்டி நுனியோ துப்பட்டாவோ அருகில் போகக் கூடாது. கிரீஸ், பவுடர், சோப்பு எதையும் பெல்ட்டில் தடவாதீர்கள். பல கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் அந்த ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அது நடுவழியில் அறுந்தால் எஞ்சின் சூடேறி நிற்க வேண்டியதுதான்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது: எஞ்சின் சுற்றோடு ஏறும் மெல்லிய விசில், பாட்டை முழுக்க அணைத்ததும் நின்றால் அது ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. மியூசிக் சிஸ்டத்தின் எர்த் ஒயரைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

சக்கரத்தின் பக்கம்

அவசரமான விசில் இங்கே இருக்கிறது. பல கார்களின் முன் பிரேக் பேடில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிஞ்சும்போது அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை அது. ஓடும்போது கத்தி, பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றாலோ மாறினாலோ அதே வாரம் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ஜல்லி மாட்டிக்கொண்டாலும் கோரமாகக் கத்தும், அது எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

எல்லோரும் முதலில் சொல்லும் வீல் பேரிங் பெரும்பாலும் விசிலே அடிக்காது. அது தாழ்ந்த குரலில் உறுமும், வேகத்தோடு ஏறும். நீளமான வளைவில் வலது பக்கம் திரும்பும்போது காரின் எடை இடது சக்கரங்களில் சாயும். அப்போது உறுமல் கூடினால் இடது பேரிங், இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும் இதே மாதிரி உறுமும். ஆனால் தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறினால் டயரின் குரல் மாறிவிடும், பேரிங்கின் குரல் மாறாது.

ஒர்க் ஷாப்பில் என்ன சொல்வது

"விசில் வருது, பாருங்க" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஊகிக்கத்தான் முடியும். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, கியர் மாற்றினால் மாறுகிறதா, பிரேக் தொட்டால் என்ன ஆகிறது, அண்மையில் எதை மாட்டினீர்கள், எதைக் கழற்றினீர்கள் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் மீட்டர்கள் தெரியும்படி வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, சத்தம் வரும் நேரத்தில் வேகமும் எஞ்சின் சுற்றும் படத்திலேயே இருக்கும். முடிந்தால் மெக்கானிக்கை உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். 90-ல் வரும் விசிலை ஒர்க் ஷாப் தெருவில் 30-ல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "ஒண்ணும் கேக்கலையே சார்" என்று சாவியைத் திருப்பித் தருவது எல்லா ஊரிலும் நடக்கிற விஷயம்.